பேரிங் மாற்றியதும் எரியும் ஏபிஎஸ் விளக்கு

கேள்வி: என்னுடைய 2020 மாடல் ஹேட்ச்பேக் காரில் போன மாதம் முன் இடது சக்கரத்துக்கு பேரிங் மாற்றினோம். மறுநாளிலிருந்து, வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காப்பது) விளக்கும் இஎஸ்சி (வண்டி சறுக்காமல் காப்பது) விளக்கும் சேர்ந்து எரிகின்றன. “ஏபிஎஸ் மாட்யூல் போயிருச்சு சார், மாத்தணும். இல்லேன்னா அப்படியே ஓட்டுங்க, பிரேக் நல்லாத்தானே பிடிக்குது” என்கிறார் மெக்கானிக். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஊட்டி போக வேண்டும். போகலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இந்த நிலையில் மலை ஏறாதீர்கள். மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. மஞ்சள் நிறத்தில் இருக்கும் இந்த விளக்குகள் மட்டும் எரியும்போது சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் ஈரமான கொண்டை ஊசி வளைவில் பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால் முன் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. நீங்கள் எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். அந்த நேரத்துக்காகத்தான் ஏபிஎஸ் இருக்கிறது. மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அல்லது பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை அளந்து விடும் இபிடி நின்றிருக்கலாம். இபிடி இல்லாமல் பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும்.

அடுத்தது மாட்யூல், அதாவது ஏபிஎஸ்ஸை இயக்கும் மின்னணுப் பெட்டி. அதற்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். ஒயர் அறுந்திருந்தால் பெரும்பாலும் சாவி போட்ட உடனேயே மாட்யூலுக்குத் தெரிந்துவிடும், விளக்கு அணையவே அணையாது. மற்ற மூன்று சக்கரங்கள் சுற்றும்போது ஒன்று மட்டும் சுற்றாததுபோல் தெரிந்தால்தான் இப்படி ஓடிய பிறகு எரியும். அதுவும் பேரிங் மாற்றிய மறுநாள்.

பழைய கார்களில் சக்கரத்தின் வேகத்தை அளக்கப் பல் வைத்த இரும்பு வளையம் ஒன்று இருக்கும். இப்போதைய கார்கள் பலவற்றில் அது கிடையாது. பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே (மூடியிலேயே) வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் காந்தம் ஏற்றியிருப்பார்கள். அந்தப் பக்கம், சக்கர வேகத்தைப் படிக்கும் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். கண்ணுக்கு இரண்டு பக்க சீலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், திருப்பிப் போட்டுப் பிரஸ் செய்துவிடுவது (இயந்திரத்தில் அழுத்திப் பொருத்துவது) சாதாரணமாக நடக்கும் தவறு. சத்தம் வராது, ஆட்டம் இருக்காது, வண்டி சுகமாக ஓடும். சென்சாருக்கு மட்டும் எதுவும் தெரியாது. காந்தமே இல்லாத, அதே அளவுள்ள பேரிங்கைக் கடையில் கொடுத்துவிடுவதும் உண்டு.

இரண்டு விளக்கும் சேர்ந்து எரிவது ஏன்? ஏபிஎஸ் 1978-லேயே மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்துவிட்டது. வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி 1995-ல்தான் வந்தது, அதுவும் ஏபிஎஸ்ஸின் அதே நான்கு சென்சார்களையும் அதே பம்ப்பையும் வைத்துக்கொண்டு. கீழே இருப்பது படுத்தால் மேலே இருப்பதும் படுக்கும். ஆகவே இரண்டு விளக்கு என்றால் இரண்டு பழுது என்று அர்த்தமில்லை.

என் ஒர்க்‌ஷாப்புக்கு இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. வேறு இடத்தில் மாட்யூலையே மாற்றியும் விளக்கு அணையவில்லை. பேரிங்கை வெளியே எடுத்து, சென்சார் பக்கம் இருந்த சீலில் ஸ்டேப்ளர் பின் ஒன்றை வைத்தோம், நழுவி விழுந்தது. மறுபக்கம் வைத்தோம், லேசாக ஒட்டிக்கொண்டது. அந்தக் குடும்பம் மாட்யூலுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

உங்கள் வண்டியைக் கழற்றும் முன் ஸ்கேனரில் உறுதி செய்யச் சொல்லுங்கள். ஆன்லைனில் கிடைக்கும் சின்ன புளூடூத் கருவிகள் பெரும்பாலும் எஞ்சினை மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ் பகுதிக்குள் போகிற ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் காட்டும் பழுது எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தக் கூடாது. லைவ் டேட்டாவில் (ஓடும்போதே வரும் அளவுகளில்) நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திறந்து வைத்து, ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பார்க்க வேண்டும். இருபது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று எண்கள் இருபதுக்குப் பக்கத்தில் நின்று, முன் இடது மட்டும் பூஜ்யம் காட்டினால் பேரிங் அல்லது சென்சார். எண் வந்து வந்து போனால், பேரிங் வேலையின்போது இழுபட்ட ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள். ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பார்த்தால் இறுக்கமாக நிற்கும் ஒயர் தெரிந்துவிடும். இந்தப் புது ரக சென்சாரை மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்து அளக்க விடாதீர்கள். நல்ல சென்சாரும் கெட்டுப்போகலாம்.

பேரிங் தலைகீழ் என்று தெரிந்தால் அதையே கழற்றித் திருப்பிப் போடக் கூடாது. பிரஸ்ஸில் தள்ளி எடுக்கும்போதே உள்ளே இருக்கும் குண்டுகளும் தடமும் அடிபட்டிருக்கும். புதிது வாங்குங்கள், பிரஸ் செய்யும் முன் அந்த ஸ்டேப்ளர் பின் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். காந்தத் தட்டு, காந்த ஸ்க்ரூடிரைவர் எதையும் அந்த சீலுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம்.

வேலை முடிந்ததும் சாவியைப் போட்டு டேஷ்போர்டைப் பாருங்கள். இரண்டு விளக்கும் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கை முடக்கியிருக்கலாம். பழைய கார் வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. பிறகு மழை பெய்து ஈரமான, ஆளில்லாத நேர் சாலையில், சீட் பெல்ட் போட்டு, பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, நாற்பதில் போய் பிரேக்கை ஓங்கி மிதியுங்கள். பெடல் உள்ளங்காலில் கடகடவென்று அதிரும், கர்ர் என்று சத்தம் வரும். பயந்து காலை எடுக்காதீர்கள், ஏபிஎஸ் வேலை செய்யும் விதமே அதுதான். சறுக்கும்போது இஎஸ்சி விளக்கு மினுக்கினாலும் அது பழுதல்ல.

ஏபிஎஸ் விளக்கு அணைந்து இஎஸ்சி மட்டும் எரிந்துகொண்டே இருந்தால், பேரிங்கோடு அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) செய்தார்களா என்று கேளுங்கள். ஸ்டீயரிங் கோண சென்சாரின் நடுப்புள்ளி நகர்ந்திருக்கும். ஸ்கேனரில் சில நிமிட வேலை.

சரியான பேரிங் அடுத்த வாரத்துக்குள் கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையம் வரை பஸ்ஸில் போய், மலை ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.