‘சரி’ எப்போது சரியானது?

அன்புள்ள ஐயா,

தமிழ் இலக்கியம் படித்துவிட்டு இந்த ஆண்டுதான் முதுகலை மொழியியலில் சேர்ந்திருக்கிறேன். மாலை நேரங்களில் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். முதல் வகுப்பிலேயே பேராசிரியர், “மொழி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது நம் வேலை இல்லை, எப்படி இருக்கிறது என்று பார்ப்பதே நம் வேலை” என்றார். பகலில் அதைக் கேட்டுவிட்டு மாலையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தால் கை ஓட மறுக்கிறது. பிழை என்று ஒன்று இல்லவே இல்லையா? இன்னொரு ஐயமும் உண்டு. ஒலியன், உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறு) என்பவை நம் இலக்கணத்தில் எழுத்து, உருபு என்று ஏற்கெனவே இருப்பவற்றுக்குச் சூட்டிய புதுப் பெயர்களாகவே எனக்குத் தோன்றுகின்றன. தமிழ் இலக்கணம் படித்த ஒருத்திக்குப் பொது மொழியியல் புதிதாக என்ன தந்துவிடும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு ‘கல்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அடுத்து ‘தங்கம்’. அடுத்து ‘பகல்’. ‘கல்’ என்பதில் ககரம் பிறக்கும் கணத்தில் தொண்டை சும்மா இருக்கும். அகரம் வந்த பிறகே அதிரும். ‘தங்கம்’ என்பதில் ககரத்தின்போதும் அதிர்வு அறுபடாது. ‘பகல்’ என்பதிலோ நாக்கு அண்ணத்தை முழுவதும் அடைப்பதே இல்லை. காற்று உரசிக்கொண்டு போய்விடுகிறது. மூன்றும் வேறு வேறு ஒலிகள். இந்த வேறுபாட்டை நம் எழுத்தில் காட்ட எனக்கு வழியில்லை. காட்டாமலே நீங்கள் மூன்றையும் தவறின்றி வாசித்தும்விட்டீர்கள்.

எந்த ககரம் எங்கே வரும் என்பதை அது நிற்கும் இடமே முடிவு செய்துவிடுவதால்தான் இது முடிகிறது. சொல்லின் முதலில் ஒன்று, மெல்லினத்தை அடுத்து ஒன்று, இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒன்று. ஒன்றின் இடத்துக்கு மற்றொன்று போட்டிக்கு வருவதில்லை. இப்படி இடம் பார்த்து உருமாறும் ஒலிகள் மாற்றொலிகள். அவை அனைத்தையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் அலகு ஒலியன். ‘எழுத்தெனப்படுப அகரமுதல் னகர இறுவாய் முப்பஃது என்ப’ என்ற தொல்காப்பியர் இந்தக் ககரங்களை ஒரே எழுத்தாக எண்ணினார். அந்த அளவில் நீங்கள் நினைப்பது சரிதான். அவருடைய எழுத்து ஏறத்தாழ இன்றைய ஒலியன். அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் தமிழுக்குள்ளேயே நின்றால் இது ஒலிகளின் இயல்பு என்று நினைத்துவிடுவோம். இந்திக்குப் போங்கள். அங்கே நொடியைக் குறிக்கும் சொல்லுக்கும் வலிமையைக் குறிக்கும் சொல்லுக்கும் முதல் ஒலியில் தொண்டை அதிர்வதா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு. தமிழில் எழுதினால் இரண்டும் ‘பல்’ ஆகிவிடும். மறுபக்கம், வலி, வளி, வழி என்று நாம் பிரிக்கும் இடத்தில் இந்தி பேசுபவர் திணறுவார். ஒலிகளை எந்த மனித வாயும் எழுப்ப முடியும். அவற்றில் எவை பொருளைப் பிரிக்கும் என்பதை ஒவ்வொரு மொழியும் தனக்கென்று வகுத்துக்கொள்கிறது. ஒரே ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் சொல்லிணைகளைத் தேடி அந்த வகுப்பைக் கண்டறியும் முறை எந்த மொழிக்கும் பொருந்தும். எழுத்தே இல்லாத மொழியை முதன்முதலாகக் கேட்கும் ஆய்வாளரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

இந்த முறையோடு தமிழுக்குத் திரும்பி வாருங்கள். புண்ணியத்துக்கு எதிரான பாவம். முகத்தில் தோன்றும் பாவம். ஏட்டில் ஒரே சொல். வாயில், எல்லோரிடமும் இல்லாவிட்டாலும் பலரிடம், முதல் ஒலி வேறு. அவர்களுடைய தமிழில் பகரம் இரண்டு ஒலியன்களாகிவிட்டது. எழுத்தும் ஒலியனும் பிரியும் இடம் இது. பிறமொழிச் சொற்கள் கொண்டுவந்த மாற்றம் என்று நாம் வருந்தலாம், வரவேற்கலாம். மொழி இருக்கிறபடியே அதை விவரிக்கும் விளக்க இலக்கணத்தைத் தமிழுக்கு எழுதுபவர் அதைப் பதிவு செய்யாமல் விட முடியாது.

இனி, பிழை. பரவலாக வழங்கும் பாடத்தின்படி, சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிர்களோடு சொல்லுக்கு முதலில் வராது என்கிறது தொல்காப்பியம். அதை என்றைக்குமான சட்டமாகக் கொண்டால் ‘சரி’ என்ற சொல்லே பிழை! பவணந்தியார் நன்னூலில் சகரத்தைப் பன்னிரண்டு உயிர்களோடும் மொழிக்கு முதலாக ஏற்றுக்கொண்டார். இடையில் வழக்கு மாறியிருந்தது. அவர் தம் காலத்து வழக்கைப் பார்த்து எழுதினார். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியமே எச்சவியலில் இதற்கு இடம் வைத்திருக்கிறது. உங்கள் பேராசிரியர் சொன்னது நம் மரபுக்கு அயலானது அன்று.

அதற்காக, விளக்க இலக்கணத்தில் பிழையே கிடையாது என்று எண்ண வேண்டாம். ‘நான் நாளை வந்தேன்’ என்று எழுதி மொழியியலாளர் அதன் முன்னால் ஓர் உடுக்குறி (*) இடுவார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் இயல்பான பேச்சில் இப்படிச் சொல்ல மாட்டார் என்பது அதன் பொருள். எழுத்துத் தமிழுக்கும் அதற்கே உரிய ஒழுங்கு உண்டு. வல்லினம் மிகும் இடத்தில் ஒற்றுப் போடுவது அதில் ஒன்று. அச்சில் வரும் பக்கத்தில் அதைக் காப்பது உங்கள் பணி, தயங்காமல் திருத்துங்கள். நானும் திருத்துகிறேன். ஆனால் ஒருவர் வீட்டில் பேசும் தமிழைக் கேட்டு ‘கொச்சை’ என்று முகம் சுளிக்காதீர்கள். இதை வேண்டிக் கேட்கிறேன். அந்தப் பேச்சிலும் விதிகள் இருக்கின்றன. யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அவற்றைக் கண்டுபிடிக்கத்தான் நீங்கள் இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறீர்கள்.

விரைவில் சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சசூரைப் படிப்பீர்கள். 1907 முதல் 1911 வரை ஜெனீவாவில் அவர் நடத்திய வகுப்புகளின் குறிப்புகளைக் கொண்டு, அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து 1916இல் நூல் வெளிவந்தது. ஒரு மொழி ஒரு காலத்தில் எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் அது எப்படி மாறி வந்தது என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது அதன் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. படித்த கையோடு மூன்றாம் வேற்றுமையை எடுத்துப் பாருங்கள். ஆல், ஓடு இரண்டையும் ஒரே வேற்றுமையில் வைத்திருக்கிறோம். பழந்தமிழில் ‘ஒடு’ கருவிப் பொருளிலும் வந்தது. ஆகவே அந்தக் காலத்துக்கு அந்த வகைப்பாடு பொருந்தியது. இன்று ‘கத்தியால் வெட்டினான்’ என்ற இடத்தில் ‘கத்தியோடு வெட்டினான்’ என்று வருமா? ‘நண்பனோடு வந்தான்’ என்ற இடத்தில் ‘நண்பனால் வந்தான்’ என்றால் பொருள் அதுவாகவே இருக்குமா? இன்றைய தமிழில் இவை ஒரு வேற்றுமையா, இரண்டா?

நீங்கள் மெய்ப்புப் பார்க்கும் பக்கங்களிலிருந்தே ஓர் ஐம்பது வாக்கியங்களைத் தொகுத்து, உருபுகளை இடம் மாற்றிப் பாருங்கள். ‘மழையால் தாமதமானது’ என்பது போன்றவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்; அங்கே மழை கருவியா, காரணமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்