உட்கார்ந்த இடத்தில் வந்த மயக்கம்

உங்கள் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம், ஈசிஜியில் 'வலது கிளைத் தடை' என்று எழுதியிருந்ததைப் பற்றியே போகிறது. இணையத்தில் தேடி, இதயத்துக்கு மின்சாரம் நின்று தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்று படித்துவிட்டுப் பத்து நாளாகத் தூங்காமல் இருக்கிறீர்கள்.

அதனால் மட்டும் இதயம் நின்றுவிடாது. வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணுதான் ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கிவைக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. அந்த மின் தூண்டல், மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் இருக்கும் நடுக் கணுவில் ஏறக்குறைய 0.1 நொடி தாமதிக்கும். மேலறை ரத்தம் கீழறைக்கு இறங்க அந்த அவகாசம் வேண்டும். பிறகு வலம், இடம் என்று இரு கிளைகளில் பாய்கிறது. வலது கிளை கடத்தாவிட்டால், இடப்பக்கம் வந்த தூண்டல் தசை வழியாகவே வலப்பக்கத்துக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். அவ்வளவுதான். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிடமும் இதைப் பார்க்கிறோம். இரவில் ஒரு துடிப்பு தவறி, அடுத்தது 'தொம்' என்று விழுவதும் பெரும்பாலும் கவலைப்படும் விஷயமில்லை.

என்னைக் கவலைப்படுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரி. போன மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே நினைவு தப்பிக் கீழே விழுந்திருக்கிறீர்கள். காபி டம்ளர் உருண்ட சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்திருக்கிறார். நெற்றியில் இரண்டு தையல். இதையா 'பித்த மயக்கம்' என்று விட்டீர்கள்? வெயிலில் நெடுநேரம் நின்று வரும் மயக்கம் வியர்வை, குமட்டல், கண் இருட்டல் என்று சொல்லிக்கொண்டு வரும். உட்கார்ந்த இடத்தில் முன்னறிவிப்பின்றி, அதுவும் 63 வயதில், கிளைத் தடையோடு வந்தால், இடது கிளையும் அவ்வப்போது கைவிடுகிறதோ என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். இரண்டும் கைவிட்டால் கீழறை தானாக நிமிடத்துக்கு 20 முதல் 40 முறைதான் துடிக்கும். அதுவும் தொடங்கச் சில நொடிகள் ஆகலாம். மூளை அதைத் தாங்காது.

இந்த நிலையில், படபடப்புக்கென்று தம்பியின் மெட்டோப்ரோலால் மாத்திரையைப் பாதி உடைத்து நான்கு முறை போட்டிருக்கிறீர்கள்! நடுக் கணுவை இன்னும் மந்தமாக்கும் மருந்து அது. இனித் தொடாதீர்கள். (மருத்துவர் சொல்லி இதைச் சாப்பிடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்த வேண்டாம்.)

நாளைக் காலையே இதய மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. மறுபடி மயங்கினாலோ, நாடி 40-க்குக் கீழே போனாலோ 108-ஐ அழையுங்கள். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும், ஒரு நாளோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டரும் எடுப்பார்கள். இதயத்தை மின்சாரத்தால் தூண்டித் துடிக்கவைக்கும் சிறு கருவியான பேஸ்மேக்கர் தேவைப்பட்டால் பயம் வேண்டாம். ஸ்வீடனில் 1958-ல் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன், ஒரே நாளில் பல முறை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர். 86 வயது வரை வாழ்ந்தார்.

மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விழுந்தபோது முகம் வெளுத்திருந்ததா, எத்தனை நொடியில் கண் திறந்தீர்கள் என்பதை அவர்தான் பார்த்திருக்கிறார்.