டீச்சரிடம் கேளுங்கள்: இரண்டு ஜனாதிபதிகளின் மனைவி

கேள்வி: டீச்சர், எங்கள் பாடசாலைப் பேச்சுப் போட்டிக்குக் கிராசா மாஷெலைப் பற்றிப் பேசப் போகிறேன். "இரண்டு ஜனாதிபதிகளைக் கல்யாணம் முடித்ததைத் தவிர அவர் என்ன செய்தார்? வேறு ஆளைப் பார்" என்கிறார் அண்ணா. மாற்றவா?
- சாதாரண தர மாணவி, பொகவந்தலாவை

பதில்: மாற்ற வேண்டாம் மகள். இந்தப் பதிலை அண்ணாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் முதல் ஜனாதிபதி சமோரா மாஷெலுக்கும், பிறகு தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலாவுக்கும் மனைவியாக இருந்தவர் அவர். அது உண்மைதான். ஆனால் அவர் கதை அங்கே தொடங்கவில்லை. 1945இல், அப்போது போர்த்துக்கல் ஆண்ட மொசாம்பிக்கின் காசா மாகாணத்துக் கிராமம் ஒன்றில், ஆறு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். பிறப்பதற்குச் சில வாரம் முன்பே அப்பா இறந்துவிட்டார். வயிற்றில் இருக்கும் பிள்ளையை எப்படியாவது படிக்க வைக்க வேண்டும் என்று சாகும் முன் அம்மாவிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்த வாக்கைக் குடும்பம் காப்பாற்றியது. மெதடிஸ்ட் மிஷன் கொடுத்த உதவியில் தலைநகரத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். அங்கே 40 வெள்ளைப் பிள்ளைகள் இருந்த வகுப்பில் அவர் ஒருத்திதான் கறுப்பினப் பிள்ளை. சொந்த நாட்டில், சொந்த ஊர்ப் பிள்ளை!

இந்த இடத்தில் எனக்கு என் கதை ஞாபகம் வந்துவிடும். எனக்கும் அப்பா இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு முடிந்ததும், அடுத்த மாதமே கொழுந்துக்குப் பெயர் பதியலாம் என்று கங்காணி லயத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா இரவு முழுக்க ஒன்றும் பேசவில்லை. கொழும்பில் கடையில் நின்ற அண்ணனுக்குக் கடிதம் போனது. "அவள் படிக்கட்டும், பஸ் காசு நான் அனுப்புறேன்" என்று பதில் வந்தது. அந்தக் காசில்தான் ஹட்டனுக்குப் போய்ப் படித்தேன். அதனால்தான் ஒரு பெண் என்ன ஆனாள் என்று கேட்கும் முன், அவள் படிக்கட்டும் என்று யார் சொன்னார்கள் என்று நான் கேட்பேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில் ஜெர்மன் மொழி படித்த கிராசா, 1973இல் ஃபிரெலிமோ விடுதலை இயக்கத்தில் சேர்ந்தார். தன்சானியாவில் ஆயுதப் பயிற்சியும் எடுத்தார். 1975 ஜூன் 25இல் மொசாம்பிக் சுதந்திரம் பெற்றபோது 29 வயதில் கல்வி, பண்பாட்டு அமைச்சர். முதல் அமைச்சரவையில் அவர் ஒருவர்தான் பெண். சமோராவைக் கல்யாணம் செய்ததும் அதே வருஷம்தான். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் எழுத்துத் தெரியாத நாடு அது. ஆசிரியர் வேலை பார்த்த போர்த்துக்கீசர்களில் பெரும்பாலோர் கப்பல் ஏறிவிட்டார்கள். கொஞ்சம் படித்தவர்களையே ஆசிரியர்களாக்கிப் பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு உள்நாட்டுப் போரில், அரசை எதிர்த்த ரெனாமோ கிளர்ச்சிப் படை பாடசாலைகளையே தேடித் தேடி எரித்தது. ஒரு வகுப்பறைக்குக் கூரை போட எவ்வளவு பாடு என்று தோட்டத்தில் படிப்பித்த எனக்குத் தெரியும். அதை எரிக்கிறவனை என்னால் மன்னிக்க முடியாது.

1986 அக்டோபர் 19இல் சமோரா வந்த விமானம் தென்னாப்பிரிக்க எல்லையில் மலையில் மோதியது. சிறையில் இருந்த மண்டேலா ஆறுதல் கடிதம் அனுப்பினார். கிராசா அதற்குப் பின்னும் 1989 வரை அமைச்சராக இருந்தார். கணவர் பதவியால் மட்டும் வந்த நாற்காலி என்றால் கணவரோடு போயிருக்கும் அல்லவா? இதை அண்ணாவிடம் கேளுங்கள்.

கேள்வி: கணவனை இழந்தவர் 52 வயதில் மறுபடி கல்யாணம் முடித்தாரே, சனம் பேசவில்லையா?
- வாசகி, மஸ்கெலியா

பதில்: பேசினார்கள் அம்மா, ஆனால் வேறு மாதிரி. மண்டேலாவும் அவரும் கல்யாணம் முடிக்காமல் சேர்ந்து இருப்பதைத்தான் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு வெளிப்படையாகக் கண்டித்தார். 1998 ஜூலை 18, மண்டேலாவின் 80ஆவது பிறந்தநாளில் கல்யாணம் நடந்தது. மாஷெல் என்ற பெயரை அவர் விடவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமோராவின் முந்தைய மனைவி ஜோசினா விடுதலைப் போராளி, 1971இல் 25 வயதில் இறந்துபோனவர். கிராசா தன் மகளுக்கு அந்த ஜோசினாவின் பெயரையே வைத்தார். மூத்தவள் பெயரை வீட்டில் எடுக்கவே விடாத குடும்பங்களை நம் லயங்களில் நான் பார்த்திருக்கிறேன். அதனால் கிராசாவின் மனசு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: அவர் வேலைக்கும் நம் நாட்டுக்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: உண்டு. 1994இல் ஐ.நா. அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தது: யுத்தம் குழந்தைகளை என்ன செய்கிறது என்று ஆராய்வது. ருவாண்டா, கம்போடியா, கொலம்பியா என்று பல நாடுகளுக்குப் போனார். 1996இல் வந்த அறிக்கை, அதற்கு முந்தைய 10 வருஷத்தில் யுத்தங்களில் 20 இலட்சம் குழந்தைகள் இறந்ததாகச் சொன்னது. அதன் பலனாகவே யுத்தத்தில் சிக்கிய குழந்தைகளுக்கென ஐ.நா.வில் தனிப் பிரதிநிதி ஒருவர் நியமிக்கப்பட்டார். முதல் பிரதிநிதி ஒலாரா ஒட்டுனு 1998 மே மாதம் இலங்கைக்கு வந்து வன்னிக்கும் போனார், சிறுவர்களைப் படையில் சேர்ப்பதைப் பற்றிப் பேசுவதற்காக. மலையகத்திலிருந்து போய் வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பொகவந்தலாவை மகளுக்கு மறுபடியும் ஒன்று: பேச்சை மண்டேலாவில் தொடங்காதீர்கள், அப்பா கேட்ட வாக்கில் தொடங்குங்கள். அப்புறம், போட்டி முடிந்ததும் எழுதிப் போடுங்கள். அண்ணா வந்தாரா என்றும் எழுதுங்கள்.