பழைய அயர்லாந்துக் கிராம வீடுகளில் உருளைக்கிழங்கை மட்டும்தான் சாப்பிட்டார்களா?

ஏழை வீடுகளில், 1845-க்கு முன்பு, ஏறக்குறைய அப்படித்தான். கூடவே மோர் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான்.

1937 முதல் 1939 வரை அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம், வீட்டுப் பெரியவர்களிடம் பழங்கதை கேட்டு எழுதிவரும்படி பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னது. சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். இன்று அவை இணையத்தில் கிடைக்கின்றன; உணவு பற்றிய பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

கிழங்கைத் தோலோடு மூன்றுகால் இரும்புப் பானையில் வேகவைப்பார்கள். அகலமான பிரம்புக்கூடையில் கொட்டி நீரை வடித்து, கூடையை அந்தப் பானையின் வாய்மேலேயே வைத்துவிடுவார்கள். அதுதான் மேசை. குடும்பம் சுற்றி உட்காரும். கட்டைவிரல் நகத்தால் தோலை உரித்து, உப்பில் தொட்டு, மரக்குவளை மோரோடு சாப்பிடுவார்கள். உழைக்கும் ஆண் ஒருவர் நாளுக்கு ஐந்தாறு கிலோ கிழங்கு தின்றார்! மோரும் கிழங்கும் சேர்ந்தால் உடம்புக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தோல் பன்றிக்குப் போகும். அந்தப் பன்றியை விற்றுத்தான் நிலக் குத்தகை கட்டினார்கள். வளர்த்தவர் வாய்க்கு அதன் இறைச்சி எட்டியது அபூர்வம்.

என்னை மிகவும் வருத்துவது ஜூலை மாதம். பழைய கிழங்கு தீர்ந்திருக்கும், புதியது முற்றியிருக்காது. பசி ஜூலை என்றே அதற்குப் பெயர். கடனுக்கு வாங்கிய ஓட்ஸ் மாவில் கஞ்சி காய்ச்சி நாளைத் தள்ளுவார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறன்று புதுக்கிழங்கு தோண்டுவது வழக்கம். அதற்கு முன் தோண்டினால் குடும்பம் நடத்தத் தெரியாதவன் என்று பெயர் வந்துவிடும்.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிருக்குக் கருகல் நோய் வந்தது. ஏழைகள் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகத்தையே நம்பியிருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியாலும் காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே ஆண்டுகளில் அயர்லாந்தின் ஓட்ஸும் வெண்ணெயும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இதைப் பதறாமல் படிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

பஞ்சத்தின்போது மக்காச்சோள மாவும், பின்னர் தேநீரும் வீடுகளுக்குள் வந்தன. கிழங்கு தன் இடத்தை ஓரளவு இழந்தது, மோர் இழக்கவில்லை: அது ரொட்டிக்குள் போனது. அயர்லாந்துக் கோதுமை மென்மையானது, ஈஸ்ட்டுக்குச் சரியாக எழும்பாது. அதனால் ஆப்பசோடாவையும் புளித்த மோரையும் சேர்த்தார்கள். மாவின் மேல் சிலுவைக்குறி கீறி, இரும்புச் சட்டியில் வைத்து மூடி, மூடியின் மேலும் தணலைப் பரப்பிச் சுட்டார்கள்.

நீங்கள் செய்து பார்ப்பதானால் மோர் நன்றாகப் புளித்திருக்கட்டும். மாவை அடித்துப் பிசைய வேண்டாம். சேர்ந்துவந்தால் போதும், உடனே அடுப்பில் வைத்துவிடுங்கள்.