டைஜெஸ்டரில் வாயு குறைகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சார், எங்கள் கழிவுநீர் நிலையத்தின் டைஜெஸ்டரில் (கசடைக் காற்றில்லாமல் செரிக்கவைத்து மீத்தேன் வாயு எடுக்கும் தொட்டி) ஒரு மாதமாக வாயு குறைந்துகொண்டே வருகிறது. பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) நடுநிலையான 7-தான் காட்டுகிறது. அப்புறம் என்ன கோளாறு?

பதில்: பிஎச்சை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை, கையிருப்பு உள்ளவரை அது அமிலத்தைச் சமாளித்துக்கொண்டே இருக்கும், பிஎச் விழும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும். செரிமானத்தின் நடுவில் உண்டாகும் ஆவியாகும் கொழுப்பு அமிலங்களுக்கும் ஆல்கலினிட்டிக்கும் உள்ள விகிதத்தை எடுங்கள். 0.3-க்குள் இருந்தால் பயமில்லை. 0.4-ஐத் தாண்டி ஏறினால் அன்றே கசடு விடுவதைக் குறையுங்கள்.

கேள்வி: காலை ஷிப்டிலேயே மொத்தக் கசடையும் பம்ப் செய்துவிடுகிறோம். பரவாயில்லையா?

பதில்: கூடாது. அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா வேகமானது, அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரோ மெதுவாகத்தான் பெருகும்; ஒரேயடியாக விட்டால் அமிலம் தேங்கிவிடும். நாள் முழுக்கப் பிரித்து விடுங்கள், வெப்பநிலையும் 35 டிகிரியை ஒட்டி ஆடாமல் நிற்கும்.

கேள்வி: தெர்மல் ஹைட்ராலிசிஸ் போட்டால் வாயு கூடும் என்கிறார்களே, செலவு செய்யலாமா?

பதில்: நல்ல தொழில்நுட்பம்தான், மறுக்கவில்லை. கசடை 160 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் அரை மணி நேரம் போல வேகவைத்தால் செல் சுவர்கள் உடைந்து, பாக்டீரியாவுக்குச் சீக்கிரம் செரிக்கிறது. நார்வேயின் ஹமாரில் 1990-களில் தொடங்கியது, இன்று வாஷிங்டனின் புளூ பிளெயின்ஸ் மாதிரிப் பெரிய நிலையத்திலும் ஓடுகிறது. ஆனால் உங்கள் கசடு எத்தனை சதவீதத் திடப்பொருளோடு உள்ளே போகிறது என்று முதலில் பாருங்கள். 2 சதவீதம் என்றால் 98 பங்கு தண்ணீரைத்தான் சூடாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதை 4 சதவீதமாகக் கெட்டியாக்கினால் கன அளவு பாதியாகிறது, 10 நாள் தங்கிய கசடு அதே தொட்டியில் 20 நாள் தங்கும், சூடாக்கும் செலவும் ஏறக்குறைய பாதி. என்னைக் கேட்டால் முதல் பணம் இதற்குத்தான் போக வேண்டும். கசடைக் கெட்டியாக்கும் தொட்டியான திக்கனரில் அது குமிழி விட்டு மேலே மிதந்தால் அதிக நேரம் தேங்கி அழுகுகிறது என்று அர்த்தம், உடனே அடியிலிருந்து எடுங்கள்.

கேள்வி: ஹோட்டல் எண்ணெய்க் கசடைச் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாக. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நிலையம் வெளிக் கழிவுகளையும் வாங்கிச் செரிக்கவைத்துத்தான் 2012-இல் தன் தேவைக்கு மேல் மின்சாரம் எடுத்தது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரே நாளில் கொட்டினால் நுரை பொங்கும்.

கேள்வி: சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடியில் எல்லாம் இந்த வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். எங்கள் கேஸ் இன்ஜினில் மட்டும் ஆயில் சீக்கிரமே கெட்டுவிடுகிறது.

பதில்: வாயுவில் கலந்து வரும், அரிக்கும் தன்மையுள்ள ஹைட்ரஜன் சல்பைடுதான் முதல் சந்தேகம். வாயுவிலிருந்து அதை நீக்கும் ஸ்க்ரப்பரைச் சோதியுங்கள், கசடிலேயே ஃபெரிக் குளோரைடு விட்டாலும் சல்பைடு இரும்போடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் அது வாயுவில் உள்ள சிலிக்கான் சேர்மமான சிலோக்சேன் எரிந்து வந்த சிலிக்காவாக இருக்கலாம், அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் வடிகட்டி தனியாக வேண்டும்.