‘சமயமாம் ரதத்தில்’ சாவு வீட்டுப் பாட்டா? குடும்ப ஜெபத்தில் பாடலாமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “எங்கள் மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாக ராத்திரி ஜெபத்தில் ‘சமயமாம் ரதத்தில்’ என்கிற மலையாளக் கிறிஸ்தவப் பாட்டைத்தான் பாடச் சொல்கிறார். அடக்க ஆராதனையில் பாடுகிற பாட்டை நல்லா இருக்கிற வீட்டில் பாடினால் ஆகாது என்று அத்தை எழுந்து போய்விடுகிறார். எங்களுக்கு மலையாளம் பேச வரும். பாட்டில் இருக்கிற பழைய மலையாளம் முழுசாகப் புரியவில்லை. பிள்ளைகள் அர்த்தம் கேட்கிறார்கள். இது வேதத்துக்கு ஒத்த பாட்டுதானா? பாடலாமா, வேண்டாமா?”

பாடுங்கள், சகோதரி. இது உயிரோடு இருப்பவர் தன் அன்றாடத்தைப் பற்றிப் பாடுகிற பாட்டு. காலையில் கண் விழிப்பதும், ராத்திரி படுப்பதும், வழியில் பசிப்பதும் தாகமெடுப்பதும் இதில் வருகின்றன. பெட்டிக்குள் கிடத்தியவருக்கு இவை ஒன்றும் பொருந்தாது. கேரளத்தில் சவ ஊர்வலம் தோறும் பாடிப் பாடி, அந்த இடத்துக்கே உரிய பாட்டு என்று நம் காதில் பதிந்துவிட்டது. உங்கள் அத்தை பயப்படுவதில் ஆச்சரியமே இல்லை.

இதை எழுதியவர் 1867-இல் ஜெர்மனியில் பிறந்த வோல்பிரெக்ட் நாகல். 1893-இல் பாசல் மிஷன் என்கிற மிஷனரிச் சங்கத்தின் ஊழியராகக் கேரளம் வந்தார். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன வாணியங்குளம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பாலக்காடு ஜில்லாவிலுள்ள அந்த ஊரில்தான் அவர் ஊழியம் செய்தார். பிறகு மிஷனை விட்டு விலகி, குன்னங்குளம், திருச்சூர் பக்கம் வேலை செய்தார். திருச்சூர் நெல்லிக்குன்னில் 1906-இல் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கினார். மலையாளத்தை நன்றாகக் கற்று அதிலேயே பாட்டும் கட்டினார். 1914-இல் ஐரோப்பா போனவர், உலகப்போர் மூண்டதால், ஜெர்மானியர் என்ற காரணத்தால் திரும்பி வர முடியாமல் 1921-இல் அங்கேயே இறந்தார்.

இப்போது பொருளுக்கு வருவோம். காலம் என்கிற ரதத்தில் ஏறி நான் பரலோகப் பயணம் போகிறேன் என்று பாட்டு தொடங்குகிறது. இரண்டாவது அடியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாகல் எழுதியது, என் சொந்த தேசத்தைப் பார்க்க ‘பத்தப்பெட்டோடீடுன்னு’, அதாவது ஆவலோடு விரைந்து ஓடுகிறேன் என்பது. 1970-இல் வந்த ‘அரநாழிக நேரம்’ என்ற மலையாளப் படத்தில் இந்தப் பாட்டைச் சேர்த்தபோது அந்த இடம் ‘ஞான் தனியே போகுன்னு’ என்று மாறியது. நான் தனியாகப் போகிறேன்! கேட்டவர் நெஞ்சு கலங்கிற்று; ஊரெல்லாம் அதையே பாடத் தொடங்கியது. உங்கள் அத்தையை எழுந்து போக வைப்பதும் அந்த ஒரு அடியாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கணவர் ‘தனியே போகிறேன்’ என்று தினமும் பாடினால் எந்த மனைவிக்குத் தாங்கும்?

படத்தில் அது அழகாகப் பொருந்தியிருக்கலாம். ஆனால் விசுவாசி தனியாகப் போவதாக வேதம் சொல்லவில்லை. “நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்கிறது 23-ஆம் சங்கீதம். நாகலின் பாட்டிலேயே கடைசியில், எதிர்கொண்டு அழைக்கத் தேவதூதர்கள் வருகிறார்கள். லாசருவைத் தேவதூதர் கொண்டுபோனதை லூக்கா 16:22-இல் காட்டுங்கள். ஆகவே என் முதல் ஆலோசனை, வீட்டில் பழைய அடியையே பாடுங்கள்.

காலையைப் பற்றிய சரணம், என் பயணத்தின் முடிவு நேற்றைவிட இன்று பக்கத்தில் இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறது. பவுல் ரோமர் 13:11-இல் சொன்னது அப்படியே இதில் இருக்கிறது: “நாம் விசுவாசிகளானபோது இரட்சிப்பு சமீபமாயிருந்ததைப்பார்க்கிலும் இப்பொழுது அது நமக்கு அதிக சமீபமாயிருக்கிறது.” பவுல் இதை எழுதியது, தூக்கத்தைவிட்டு எழுந்து ஒழுங்காய் நடங்கள் என்று புத்தி சொல்லத்தான்.

எனக்கு மிகவும் பிரியமானது ராத்திரி சரணம். நான் தேவனுடைய கைகளில் உறங்குகிறேன், அப்போதும் என் ரதத்தின் சக்கரம் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறார். ரதத்தை ஓட்டுவது நான் இல்லை. நான் கண்ணை மூடினாலும் பயணம் நிற்பதில்லை. என்னைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குவதுமில்லை (சங்கீதம் 121:4). வயதானவர்களுக்கு ராத்திரி நீளமானது. தூக்கம் வராமல் புரண்டு கிடக்கிற ஒருவருக்கு இதைவிட நல்ல படுக்கை நேரத்து ஜெபம் கிடைப்பது அரிது. மாமா ராத்திரியில் இந்தப் பாட்டைக் கேட்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அவரிடம் நேராகவே, “எந்தச் சரணம் மாமா உங்களுக்குப் பிடிக்கும்?” என்று அத்தை முன்னால் கேளுங்கள். பாதிச் சங்கடம் அங்கேயே தீரும்.

பயணத்துக்குப் பாரம் வேண்டாம், கொஞ்சம் அப்பமும் தண்ணீரும் போதும் என்கிற சரணத்தை 1 தீமோத்தேயு 6:7, 8 வசனங்களோடு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொந்த தேசம் என்பதற்கு எபிரெயர் 11:13-16. ஜீவவிருட்சத்தின் கனிக்கு வெளிப்படுத்தல் 2:7.

ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். இந்தப் பூமி வேண்டாம், இது என் குடியிருப்பு அல்ல என்று ஒரு சரணம் வருகிறது. அதைப் பாடுகிற நாளில் பிலிப்பியர் 1:23, 24-ஐச் சேர்த்து வாசியுங்கள். கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்று சொன்ன பவுல், அடுத்த மூச்சிலேயே, “அப்படியிருந்தும், நான் சரீரத்தில் தரித்திருப்பது உங்களுக்கு அதிக அவசியம்” என்கிறார். பரலோக ஆசையும் வீட்டார்மேல் உள்ள கரிசனையும் ஒரே மனிதருக்குள் இருந்தன. இந்த வசனத்தை மாமாவையே வாசிக்கச் சொல்லுங்கள், அத்தை கேட்கட்டும்.

மாமா சாப்பாட்டை ஒதுக்குகிறாரா, பேச்சைக் குறைத்துவிட்டாரா, சாக வேண்டும் என்று பாட்டுக்கு வெளியேயும் சொல்கிறாரா என்றும் பாருங்கள். அப்படியானால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். சபைப் போதகரிடமும் சொல்லிவையுங்கள்.

பாடுகிற விதத்திலும் ஒரு மாற்றம் செய்யலாம். அடக்க ஆராதனையில் இழுத்து இழுத்துப் பாடிப் பழகிவிட்டோம். வீட்டில் கை தட்டுகிற வேகத்தில் எடுங்கள். முதல் ஒரு வாரம் காலைச் சரணத்தை விடிந்ததும், ராத்திரிச் சரணத்தைப் படுக்கப் போகுமுன், பல்லவியோடு மட்டும் பாடுங்கள். “இயேசுவே, உமக்கு ஸ்தோத்திரம், சீக்கிரம் உம்மைக் காண்பேன்” என்பதுதான் பல்லவியின் கடைசி அடிக்குப் பொருள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, அவர்களையே முதலில் எடுத்துப் பாட வையுங்கள். அத்தை அப்போதும் எழுந்து போனால் வற்புறுத்த வேண்டாம். அன்றைக்கு அவருக்குப் பிடித்த கீர்த்தனை ஒன்றை முதலில் பாடிவிட்டு இதற்கு வாருங்கள்.