பசியும் பாசியும்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

மண்டபம் பக்கத்தில் ஒரு மீனவ கிராமத்தில் இருக்கிறேன். கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஆராய வந்த பிரெஞ்சுப் பெண் ஒருவர் எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறார். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எழுத்து சீக்கிரம் வந்துவிட்டது, உச்சரிப்புதான் வரவில்லை. ழகரத்தோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம். நானே வீட்டில் ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்கிறேன். இந்த நாக்கை வைத்துக்கொண்டு அவருக்கு எப்படிச் சொல்லித்தருவது? பசி, பாசி இரண்டையும் வேறு மாற்றி மாற்றிச் சொல்கிறார். பாசிக்காரப் பெண்கள் சிரித்துவிடுகிறார்கள். அதோடு அவர் வாயை மூடிக்கொள்கிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ழகரத்தைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக வையுங்கள். பசியும் பாசியும் மாறிப்போகிறவருக்கு முதலில் வேண்டியது குறில், நெடில். நாம் ழகரத்தைத் தமிழின் அடையாளம் என்று தூக்கிவைத்திருப்பதால் வருகிறவர்களுக்கெல்லாம் அதையே முதல் பாடமாகக் கொடுத்துவிடுகிறோம். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். ழ வராதவர் பேசினால் நமக்குப் புரியும். நீளம் வராதவர் பேசினால் புரியாது.

பிரெஞ்சில் உயிரொலி நீண்டாலும் குறுகினாலும் அநேகமாகப் பொருள் மாறுவதில்லை. அதனால் அந்த வித்தியாசத்தை அவருடைய காது கவனிப்பதே இல்லை. மெய் இரட்டிப்பதும் அப்படித்தான். படு, பட்டு, பாட்டு, பாடு நான்கும் நமக்கு நான்கு சொற்கள். அவருக்கு ஒன்றோ இரண்டோதான் கேட்கும். கேட்காததை வாய் எப்படிச் சொல்லும்?

ஆகவே முதலில் காதுக்குப் பயிற்சி கொடுங்கள். ஒரு தாளில் ‘பசி’, இன்னொன்றில் ‘பாசி’ என்று எழுதி அவர் முன்னால் வையுங்கள். நீங்கள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்லுங்கள். அவர் கையால் தொட்டுக் காட்டட்டும், வாயே திறக்க வேண்டாம். முன்னால் நின்றால் உங்கள் வாயைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். தப்பில்லாமல் தொட ஆரம்பித்த பிறகு பேசச் சொல்லலாம்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். வெளிநாட்டுக்காரர் என்றதும் நாம் இழுத்து இழுத்து மெதுவாகப் பேசுகிறோம். மெதுவாகச் சொன்னால் குறிலெல்லாம் நெடிலாகிவிடும், ‘பசி’ பாசியாகிவிடும். புரியட்டும் என்று நாம் செய்வதே அவரைக் குழப்புகிறது. “பசிக்குது, சோறு போடு”, “பாசி எடுக்கப் போறாங்க” என்று வீட்டில் பேசும் வேகத்திலேயே முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரே வேகத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம்.

உங்கள் குரல் மட்டும் போதாது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ர, ல வேறுபாட்டைக் காதால் பயிற்றிப் பார்த்தார்கள். ஒரே ஆள் பேசியதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த ஆள் பேசினால்தான் தெரிந்தது. பலர் குரலில் கேட்டவர்கள் புதிய ஆள் பேசினாலும் பிரித்துச் சொன்னார்கள். உங்கள் அம்மா, எதிர்வீட்டுப் பாட்டி, அந்தப் பாசிக்காரப் பெண்கள் எல்லோரிடமும் கேட்டு செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். சிரித்தவர்களையே சொல்லித்தரச் சொன்னால் அவர்களும் பொறுப்போடு சொல்வார்கள்.

அப்புறம் நாக்கு. எங்கள் கீழக்கரையில் மதரஸாவுக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைகள் அரபி ஒலிகளைக் கற்பது உங்களுக்குப் பயன்படும். ஒவ்வொரு எழுத்தும் பிறக்கும் இடத்தை மக்ரஜ் என்பார்கள். ஐன் என்ற எழுத்து தொண்டையின் நடுவில், காஃப் அடிநாக்கில் என்று இடம் சொல்லித்தருவார்கள். இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. எழுத்துக்கு முன்னால் ‘அ’ சேர்த்து, அந்த எழுத்திலேயே ஒலியை நிறுத்திப் பார்ப்பது. குரல் எங்கே போய் முட்டுகிறதோ அதுதான் இடம். தமிழுக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது, ஏனென்றால் நம்முடைய ட, ண, ள, ழ நான்கும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. உங்கள் மாணவி நாக்கு நுனியை மேலே வளைத்து ‘அட்’ என்று நிறுத்தட்டும். ஒரு கணம் அங்கேயே பிடித்துக்கொண்டு, பிறகு ‘டை’ என்று விடட்டும். ‘அட்டை’ வந்துவிடும், இரட்டிப்பும் கூடவே வந்துவிடும். இதேபோல ‘அண்’, ‘அள்’.

தகரத்துக்கு நீங்கள் மெனக்கெட வேண்டாம். பிரெஞ்சுக்காரர்களின் ‘த’ பல்லைத் தொட்டே பிறப்பது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் ‘பல்’ என்னும்போது ஊதுகிற காற்றும் இவர்களிடம் இருக்காது. ‘மரம்’ என்பதன் கடைசி மகரத்தைப் பேச்சில் நாம் மூக்கோடு விட்டுவிடுகிறோமே, அந்த ஒலிக்கு நெருங்கிய உறவெல்லாம் அவர் மொழியிலேயே உண்டு. இவற்றை எடுத்துச்சொல்லிப் பாராட்டுங்கள். வாயை மூடிக்கொள்கிறவருக்கு ஏற்கெனவே சரியாக வருவது எது என்று தெரிய வேண்டும்.

உங்கள் நாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். நம் கரையில் ழ, ள இரண்டும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. ஆனால் லகரம் தனியாகத்தான் நிற்கிறது. வழியை ‘வளி’ என்று சொல்லும் யாரும் அதை ‘வலி’ என்று சொல்வதில்லை. வலை, வளை, புலி, புளி இவற்றை அவர் பிரிக்க வேண்டும். அதைச் சொல்லித்தர உங்கள் நாக்கு தாராளமாகப் போதும். அவர் பேசப்போவதும் உங்கள் ஊர்ப் பெண்களோடுதானே, அவர்கள் பேசுகிற மாதிரியே பேசட்டும்.

ளகரம் நன்றாகப் படிந்த பிறகு ழகரத்துக்கு வாருங்கள். ‘அள்’ சொல்லும் நிலையிலேயே நாக்கு நுனியை அண்ணத்திலிருந்து மயிரிழை இறக்கி, எங்கும் ஒட்டாமல் குரலை ஓடவிடச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே சொல்லிப் பழகுங்கள், அவருக்கு வரும்போது உங்களுக்கும் வரும். அவருடைய ரகரம் தொண்டையில் கரகரக்கும், ‘கரை’, ‘மரைக்காயர்’ என்று சொல்லச் சொல்ல அது மெல்ல முன்னுக்கு வரும். கரி, கறி வித்தியாசம் நம் பக்கத்துப் பேச்சில் இல்லை. அதை எழுதும்போது மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.